சீனி இல்லாத டீயும் பேரையூர்ப் பொங்கலும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பொய். நான் சொன்ன பொய்தான். அதைப் பதினோரு வருடம் காப்பாற்றியும் வந்திருக்கிறேன். பேரையூர்ப் பக்கம் போக வழி தேடி இந்தப் பதிவைத் திறந்தவர்கள் பயப்பட வேண்டாம், பஸ், ஆட்டோ, நேரம், செலவு எல்லாம் வரும். ஆனால் பொய்யைச் சொல்லாமல் வழியைச் சொல்ல முடியாது.

நான் விளாங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. அதே பள்ளியில் தமிழ் டீச்சர் பாண்டியக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். பேரையூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார். நான் அதற்கு நேர் எதிர், எதையும் விழுங்கிவிடுவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பாண்டியக்கா ஒரு தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து, முதல் கரண்டியை என் தட்டில் வைக்க வந்தார். எங்கள் வீட்டில் படைத்ததைச் சாப்பிட மாட்டோம். அதைச் சொல்லியிருக்கலாம். புது வேலை, புது மனுஷி, வாய் வரவில்லை. "எனக்குச் சுகர் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே எனக்குச் சீனி இல்லாத டீ வந்தது, பாண்டியக்கா ஏற்பாடு. அன்று தொடங்கி பதினோரு வருடமாகப் பள்ளியில் சீனி இல்லாத டீதான். வீட்டுக்கு வந்ததும் மூன்று ஸ்பூன் போட்டுக் குடித்து அந்தக் கசப்பைத் தீர்த்துக்கொள்வேன்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களின் தொடக்கத்தில் எங்கள் ஆயர் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார். கறியை விடுவது, டீயை விடுவது எல்லாம் சரிதான், இந்த நாற்பது நாளுக்குள் உங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒரே ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள், அவர் பெயரை இதில் எழுதுங்கள் என்றார். நான் பாண்டியக்கா பெயரை எழுதிப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன். என்ன பேசுவது என்று ஒரு தாளில் குறிப்புகூட எடுத்தேன்.

அடுத்த வாரமே பள்ளியில் மருத்துவ முகாம். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை தொண்ணூற்று நான்கு. பின்னால் நின்ற பாண்டியக்கா அந்தச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். என் சுகர் இறங்கினால் குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக நேர்ந்திருந்தாராம். வருகிற சனிக்கிழமை போறோம், நீ கட்டாயம் வரணும், உன் பேரில்தான் பொங்கல் என்றார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. சரி, வழியில் எப்படியாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தலையாட்டினேன்.

மாசி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. காலை ஆறு இருபதுக்கு விளாங்குடியில் டவுன் பஸ் ஏறி, ஆறு ஐம்பதுக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து திருமங்கலம் சுமார் இருபது கிலோமீட்டர். இரண்டு பஸ்ஸிலும் எங்களுக்குக் கட்டணம் இல்லை, பெண்கள் இலவசப் பேருந்து பார்த்து ஏறினால் போதும். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் பருத்திப்பால் ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, சுகர் இப்பத்தான் இறங்கியிருக்கு, அதுக்குள்ள வாயைத் தொறக்காத என்று பாண்டியக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். நியாயமாக எனக்கு இது வேண்டும்தான்.

திருமங்கலம் பஸ்ஸில் சொல்ல முடியவில்லை. மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர், மடியில் கீரைக்கட்டு. ஏழே முக்காலுக்குத் திருமங்கலத்தில் இறங்கி, எட்டு ஐந்துக்குப் பேரையூர் பஸ் கிடைத்தது. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆளுக்கு இருபது ரூபாய். உட்கார இடம் கிடைத்ததும் நான் கொண்டுவந்த இட்லியைத் திறந்தேன். பாண்டியக்கா பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை, பொங்கல் வைத்த பிறகுதான் என்றுவிட்டார். சனிக்கிழமை வகுப்பு இருக்கிற நாட்களிலும் அவர் மதியச் சாப்பாட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. பெருமாளுக்கு விரதம் இருக்கிறார் போல என்று நினைத்திருந்தேன், கேட்டதில்லை. கல்லுப்பட்டிக்கு முன்னாலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். தூங்குகிறவரை எழுப்பி எப்படிச் சொல்வது? என் குறிப்புத் தாள் பையிலேயே கிடந்தது.

ஜன்னலோர இடம் பிடிக்க முடிந்தால் வலது பக்கம் உட்காருங்கள். கல்லுப்பட்டி தாண்டியதும் வானம் அகலமாகிவிடுகிறது. அறுத்து முடித்த மக்காச்சோளக் காடு, பருத்தி வெடித்து நிற்கிற கருப்பு மண், தூரத்தில் நீலமாக மலை. மதுரையில் பிறந்து வளர்ந்தும் இந்தப் பக்கத்தை ஒழுங்காகப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அம்புட்டு அழகு, நான் சும்மா சொல்லவில்லை.

ஒன்பதே காலுக்குப் பேரையூர். அங்கிருந்து ஊருக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பாண்டியக்கா சொல்லியிருக்கிறார். ஆட்டோக்காரர் நாற்பது வயதுக்காரர், நல்ல வாயாடி. கண்ணாடியில் என் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்துவிட்டு, "அக்கா வேதக்காரவுகளா? கோயிலுக்குக் கும்பிடவா வாரீக?" என்று கேட்டார். நான் வழக்கம்போல விழுங்கத் தயாரானேன்.

பாண்டியக்கா முந்திக்கொண்டார். "கும்பிட மாட்டா. அவ சாமி வேற. நான் கும்பிடுவேன், அவ பக்கத்துல நிப்பா. அம்புட்டுத்தான்."

ஆட்டோக்காரர் அது சரி என்று தலையாட்டிவிட்டு, தன் சித்தி மகனும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதைப் பற்றியும், அவர்கள் பாட்டு நன்றாக இருப்பதைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார். பதினோரு வருடமாக நான் எதைச் சொன்னால் உறவு முறிந்துவிடும் என்று பயந்தேனோ, அதைப் பாண்டியக்கா ஒரு மூச்சில், அதுவும் எனக்காக, சொல்லி முடித்துவிட்டார். நான் கும்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்தேதான் கூட்டி வந்திருக்கிறார்.

கோயில் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில். இரண்டு வேப்பமரம், ஒரு கல் பீடம், சாய்த்து நட்ட இரண்டு அரிவாள், அவ்வளவுதான். பாண்டியக்காவின் அண்ணன் தவசி விறகும் தண்ணீரும் தயாராக வைத்திருந்தார். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, புதுப்பானையை ஏற்றினார்கள். பாண்டியக்கா கீழே உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஆத்தாடி" என்று முனகியது காதில் விழுந்தது. பானையில் பால் ஏறிக்கொண்டிருந்தது. இனி பொங்கிவிடும், பொங்கினால் என் பெயரைச் சொல்லி வேண்டுவார். அதற்குமேல் தாங்கவில்லை.

"அக்கா, எனக்குச் சுகரே கிடையாது. எப்பவும் இருந்ததில்ல."

கரண்டி நின்றது. தவசி அண்ணன் விறகைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆயுத பூஜையிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குறிப்புத் தாளில் இருந்த ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. பாண்டியக்கா அடுப்பையே பார்த்துக்கொண்டு கேட்டார். படைத்ததை ஏன் சாப்பிட மாட்டாய், எங்கள் சாமி பிடித்துக்கொள்ளும் என்று பயமா என்றார். எங்கள் வீட்டில் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டைக் கேட்கலை, உன்னைக் கேட்கிறேன் என்றார்.

நாற்பத்து மூன்று வயதில் முதல் முறையாக என்னை ஒருவர் அப்படிக் கேட்டார். ஏழு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் விபத்தில் அடிபட்டுப் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். அந்த மூன்று நாளும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தது பாண்டியக்காதான். ஆனால் இரண்டாவது நாள் விடிகாலை வராந்தாவில் உட்கார்ந்து இயேசுவிடம் நான் சண்டை போட்டதும், திட்டித் தீர்த்ததும், அதன் பிறகு யாரோ தோளில் கை வைத்த மாதிரி மனது அடங்கியதும் பாண்டியக்காவுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அதைச் சொன்னேன். "அன்னிக்கு என்னைத் தாங்கினது அவருதான்க்கா. அதுக்கப்புறம் இன்னொரு இடத்துல கை நீட்ட எனக்கு மனசு வரல. பயம் இல்ல."

தவசி அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். அப்படியானால் எங்கள் சாமி பொய் என்கிறீர்களா என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளும் குரலில். என்னால் இரண்டு பேரைக் கும்பிட முடியாது, எனக்கு நடந்ததைத்தான் நான் சொல்ல முடியும், உங்களுக்கு நடந்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். எங்கள் ஆயர் இருந்திருந்தால் இன்னும் விளக்கமாகச் சொல்லியிருப்பார். தவசி அண்ணன் கொஞ்சம் யோசித்து, நடந்ததைச் சொன்னால் யார் மறுக்கப்போகிறார் என்று விறகைத் தள்ளினார். பிறகு தன் காடு தண்ணீரில்லாமல் காய்ந்த வருடம் இந்த மரத்தடியில் தான் அழுத கதையைச் சொன்னார். நானும் கேட்டேன், மறுக்கவில்லை.

பாண்டியக்காவுக்குக் கோபம் வேறு இடத்தில் இருந்தது.

"முன்னாடியே சொல்லியிருந்தா, படைக்கிறதுக்கு முந்தி உனக்குன்னு எடுத்து வச்சிருப்பேன்ல. நான் சனிக்கிழமை சனிக்கிழமை ஒருபொழுது கெடந்தது யாருக்குன்னு நெனச்ச? உன் சுகருக்குத்தான்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமாளுக்கு என்று நான் நினைத்த பட்டினியெல்லாம் எனக்காக. இல்லாத நோய்க்காக. நான் அவருக்காகச் செய்தது அட்டையில் பெயர் எழுதியது மட்டும்.

அவர் விடவில்லை. "உங்க சாமிகிட்ட எனக்காக எப்பவாச்சும் கேட்டிருக்கியா?"

பொய் சொல்லி வந்த வினை போதும் என்று உண்மையைச் சொன்னேன். "கேட்டிருக்கேன்க்கா. நீங்களும் அவரைக் கும்பிடணும்னு."

"அது உனக்கு வேண்டியது. எனக்கு ரெண்டு வருசமா முட்டுவலி. அதக் கேட்டியா?"

கேட்டதில்லை. தினமும் படியில் அவர் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஏறியிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. அதையும் சொன்னேன். அப்படியானால் இப்போது கேள் என்றார். இங்கேயா என்றேன். உங்கள் சாமிக்கு இங்கே காது கேட்காதா என்றார்.

கண்ணை மூடினேன். சர்ச்சில் எழுந்து ஜெபிக்கச் சொன்னால் பெரிய பெரிய வார்த்தையாக வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, எங்கள் அக்காவுக்கு முட்டி வலிக்கிறது, படி ஏற முடியவில்லை, சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார், நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை, மன்னித்து இவருக்குச் சுகம் கொடுங்கள் என்று அவ்வளவுதான் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது தவசி அண்ணன் தோள்துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரர்ட்டப் பேசுற மாதிரி பேசுறியே, நல்லாத்தான் இருக்கு" என்றார் பாண்டியக்கா. அரிசியும் வெல்லமும் போட்டுப் பொங்கல் இறங்கியதும், படைப்பதற்கு முன்னால் என் டிபன் பாக்ஸில் இரண்டு கரண்டி வைத்தார். இல்லாத நோய்க்கு வைத்த பொங்கல் செல்லுமா என்று தவசி அண்ணன் கிண்டலாகக் கேட்டார். நோயே இல்லையென்று தெரிந்ததற்கு வைத்ததாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பாண்டியக்கா கும்பிடப் போனார். நான் பக்கத்தில் நின்றேன். பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த வெல்ல வாசனைக்குப் பதினோரு வருடம் காத்திருந்திருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி, பங்குனியில் போங்கள், சித்திரை வெயில் தாங்காது. மதியம் ஒன்றரைக்குள் பேரையூருக்குத் திரும்பிவிடுங்கள், எங்களுக்கு அதன் பிறகு ஐம்பது நிமிடம் பஸ் இல்லை. கிராமத்துக்குள் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். ஆட்டோக்காரரின் நம்பரை இறங்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். வேற்று மதக்காரர் கோயிலுக்கோ வீட்டுக்கோ போகிறீர்கள் என்றால் உங்களால் எது முடியும், எது முடியாது என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். யாரும் தலையை எடுத்துவிட மாட்டார்கள். விசுவாசத்தைப் பற்றிப் பேசக் குறிப்பு எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் கேட்கிற கேள்வி அதில் இருக்காது.

எங்கள் ஆயர் அட்டையைத் திரும்பக் கேட்டபோது பேசிவிட்டேன் என்றேன். பாண்டியக்கா ஏற்றுக்கொண்டாரா என்றார். தினமும் என்னை விசாரிக்கிறார் என்றேன். ஆயருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு இரண்டு ஸ்பூன் சீனி போட்ட டீ வருகிறது. பாண்டியக்கா படியேறி வந்து நாற்காலியில் முட்டியை நீட்டி உட்கார்ந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான். "வலி அப்படியேதான் இருக்கு. இன்னிக்குக் கேட்டியா?"

இனி அவரிடம் பொய் சொல்ல முடியாது. அதனால் தினமும் விடிகாலை எழுந்து கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறேன்.