மல்லி இல்லை

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், சரியாக மூன்றேகால். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதிலிருந்து வெள்ளவத்தையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. முடிந்தவர்கள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். என் மனைவிக்குக் காய்ச்சல் — நாங்கள் ஏறவில்லை. மல்லி அவித்துக் குடித்தால்தான் சுகம் வருமாம். மல்லிக்கு எங்கே போவது? காலி வீதியில் ஒரு பலசரக்குக் கடையும் திறப்பதில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு கடை இருக்கிறது என்று மூத்தவன் ராஜன் சைக்கிளை எடுத்தான். இளையவன் சேகரையும் பாரில் ஏற்றி அனுப்பினேன். ராஜன் கடைக்குள் போனால் சைக்கிளுக்கு யார் காவல்?

"சுணங்கினால் சந்தி மருந்துக்கடைக்கு டெலிபோன் பண்ணு" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

பண்ணினான். அந்த மூன்றேகாலுக்குத்தான் மருந்துக்கடைப் பியதாச ஓடி வந்தார். சிங்களம் தவிர வேறு பாஷை அறியாத நல்ல மனிதர். முகம் வெளிறியிருந்தது.

"மாத்தயா... மல்லி நே! மட்டக்குளியே பலன்ன யனவா!"

சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. தம்பியைக் காணவில்லை, மட்டக்குளியில் பார்க்கப் போகிறான்!

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. துறைமுகத்துப் பக்கம். இப்போது குண்டுவீச்சு அபாயச் சங்கு ஊதினால் எந்தத் திசையில் ஓடும்?

சாரத்தோடு தெருவில் இறங்கினேன். பஸ் இல்லை, ரிக்‌ஷா இல்லை, ஒரு காக்கையும் இல்லை. குண்டுவீச்சு நேரக் காவலுக்குப் போட்ட வார்டன் காசிம் மட்டும் தொப்பியும் விசிலுமாகச் சைக்கிளில் வந்தார்.

"என்ர சின்னவன்... காக்கிக் களிசான் போட்டவன்... காணேல்லை..." கையால் உயரம் காட்டினேன்.

"பதறாதீங்க மாஸ்டர். நான் புடிச்சிட்டு வாறன்!" பறந்துவிட்டார்.

ஐந்து மணிக்குமேல் ராஜனின் சைக்கிள் தெருவில் திரும்பியது. பாரில் சேகர்!

"தம்பியை எங்கயடா கண்டுபிடிச்சனீ?"

"தம்பி என்னோடதானே நிண்டவன்? கொட்டாஞ்சேனையில மல்லி இல்லை, மட்டக்குளியில பார்க்கப் போறன் எண்டு சிங்களத்தில சொன்னனான். பியதாச சொல்லேல்லையே?"

சொன்னார். ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "மல்லி கேட்டுப் படுத்திருக்கிறது நான். உங்களுக்கு மட்டும் எப்படியப்பா சிங்கள மல்லி விளங்கினது?"

சிங்களம் ஒரு சொல்லும் தெரியாதவனாக இருந்திருந்தால் விஷயம் சரியாக விளங்கியிருக்கும். கஷ்டப்பட்டுப் படித்ததன் பலன் — இரண்டு மணி நேரம் உயிர் போய் வந்தது. சிரிக்கிறீர்களா? உங்கள் பிள்ளை அந்த வெறும் தெருக்களில் நிற்கட்டும், பிறகு சிரியுங்கள்.

மட்டக்குளியில் கிடைத்த மல்லி கொதித்துக்கொண்டிருந்தபோது வாசலில் விசில் கேட்டது. வார்டன் காசிம்! வியர்த்துக் கொட்ட, ஒரு பையனின் கையை இறுகப் பிடித்திருந்தார். காக்கிக் களிசான். ஆனால் நான் முன்பின் பார்த்திராத பிள்ளை.

"இந்தாங்க மாஸ்டர், ஒங்கட மகன்! பம்பலப்பிட்டியில தனியா நடந்து போனான். வழியெல்லாம் பொய் சொல்றான், ஒங்களத் தெரியாதாம். அடிக்குப் பயம்!"

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, நான் சீனி வாங்க வந்தனான். இவரிட்டச் சொல்லுங்கோ, என்னை விடச் சொல்லி. அப்பா தெருவில நிப்பார்."