மதலேனாளின் அங்க அடையாளங்கள்

மூன்றாவது தடவையும் யூலியானா படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரித் துண்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. முதல் தடவை முன்பல் போனது. அடுத்த வருடம் இடது தோளில் சுட்ட காயம். 2014 பங்குனியில் மணிக்கட்டு முறிந்தது. படியில் விழுந்தவளுக்குத் தோள் எப்படிச் சுட்டது என்று தாதி கேட்டதற்கு, இஸ்திரிப்பெட்டியோடு விழுந்ததாகச் சொன்னாள். தாதி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதையும் எழுதினாள்.

மன்னார்க் கரையில் பிறந்து, கலியாணம் முடித்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தவள். போர்கோ வெக்கியோப் பகுதியில், சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் வீடு. கால்சாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலியச் சீமாட்டியை, சிஞ்ஞோராவை, குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைப்பது வேலை. புருஷன் விமலராஜ் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினான். வெளியில் சிரித்த முகம். கோவில் பெருநாளுக்குக் கொடி கட்டவும் கதிரை தூக்கவும் அவன்தான் முதல் ஆள். வீட்டுக் கதவைச் சாத்தினால் வேறு ஆள். யூலியானாவின் வயிற்றில் இரண்டு தரம் பிள்ளை தங்கியது. இரண்டும் அவன் உதையில் கலைந்தன.

அடிக்கும்போது வாயும் சும்மா இராது.

"கொலைகாறியின்ரை வம்சம்தானே நீ! நான் அடக்கி வைச்சிருக்காட்டி எப்பவோ என்னையும் முடிச்சிருப்பாய்."

அந்தக் கதை கலியாணப் பேச்சின்போதே அவன் காதுக்குப் போயிருந்தது. யூலியானாவின் பூட்டனுடைய தகப்பனைப் பெற்றவள், வெள்ளைக்காரன் காலத்தில் புருஷனை உலக்கையால் அடித்துக் கொன்றவள். அவளைக் கப்பலில் ஏற்றி எங்கோ தள்ளிவிட்டார்கள். நாலு வயது மகன் கரையில் நின்றான். அவள் பேரைக் குடும்பத்தில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. எடுக்காமல் எடுக்காமல் பேரே மறந்து போய்விட்டது.

செபக்கூட்டம் நடத்தும் றோசமலர் அக்கா யூலியானாவின் கட்டுப்போட்ட கையைத் தடவிச் சொன்னாள்.

"இது தலைமுறைச் சாபம், பிள்ளை. அந்த மனிசி சிந்தின இரத்தம் உன்ரை வயித்திலை வந்து நிக்குது. அவவின்ரை பேரைச் சொல்லிப் பாவப் பொறுத்தலுக்குப் பூசை குடு. கட்டு அவிழும்."

"பேர் தெரியாதே, அக்கா."

"தெரியாட்டித் தேடு. பேரில்லாமல் சுவாமி ஆருக்கெண்டு பூசை வைக்கிறது?"

யூலியானா நம்பினாள். பேர் கிடைத்தால் அடி நிற்கும் என்று நம்பினாள். வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். வெறுங்காலோடு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி, சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகையில் முழந்தாளிட்டாள். ஊரில் பெரியம்மாவின் மகன் பேனாட் அண்ணனை வைபர் அழைப்பில் பிடித்து விடாமல் கேட்டாள். அவர் கோவில் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார். மகன் சந்தியாப்பிள்ளையின் பேர் இருந்தது. தாய் பேர் இருக்கவேண்டிய இடத்தை ஆரோ மையால் பூசியிருந்தார்கள். அதன்பிறகு அவர் கண் கிளினிக்குக்குக் கொழும்பு போகும்போதெல்லாம் அரசாங்கப் பழைய கடுதாசிகளுக்குள் தேடினார். ஒன்றரை வருடம் போனது.

2015 ஐப்பசியில், ஒரு ஞாயிறு மதியம் போன் அடித்தது.

"தங்கச்சி, மனிசி ஆப்பிட்டிட்டா, கண்டுபிடிச்சிட்டன்! பேர் மதலேனாள். 1847இலை மலாக்காவுக்கு அனுப்பியிருக்கிறாங்கள்."

யூலியானா சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! வேறை என்ன கிடக்கு, அண்ணை?"

"மகன் சந்தியாப்பிள்ளை உயிரோடை இருக்கிறானோ எண்டு கேட்டு ஒன்பது விண்ணப்பம் எழுதுவிச்சிருக்கிறா. ஒண்டுக்கும் மறுமொழி இல்லை. இருபத்தாறு வருசம் அங்கை உடுப்புத் தோய்ச்சுச் செத்திருக்கிறா. ஒரு குற்றமும் பதிவில்லை." பேனாட் அண்ணன் கடுதாசியைத் திருப்பினார். "கப்பல் ஏத்தேக்குள்ளை அங்க அடையாளமும் எழுதியிருக்கிறாங்கள். தப்பி ஓடினால் பிடிக்கிறதுக்கு. வாசிக்கட்டோ?"

"வாசியுங்கோ."

"வயது இருபத்திமூண்டு. மேல் முன்பல் மூண்டு இல்லை. இடது கை முறிஞ்சு கோணலாய்ப் பொருந்தியிருக்கு. முதுகிலை பழைய சூட்டுத் தழும்பு பதினொண்டு. வலது காது கிழிஞ்சது. அவ்வளவுதான். கேஸிலை புருஷன் அடிச்சவன் எண்டு ஒரு வரியும் இல்லை, தங்கச்சி. ஒருத்தரும் கேக்கேல்லைப் போலை."

யூலியானா போனை வைத்தாள். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மூன்று ஆஸ்பத்திரித் துண்டுகளையும் எடுத்து மேசையில் பரப்பினாள். பல், தோள், கை. மூன்றிலும் 'கதூத்தா', விழுந்தது என்று எழுதியிருந்தது. எழுதச் சொன்னவள் அவளே. மதலேனாளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. தன்னிடம் மூன்று தரம் கேட்டார்களே என்று நினைத்து, மூன்றையும் திரும்ப வாசித்தாள்.

மதிய வேலை முடித்து விமலராஜ் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

"என்ன கடுதாசி?" ஒன்றை எடுத்துப் பார்த்தான். "ஓ, சேர்த்து வைச்சிருக்கிறியோ? ஆருக்குக் காட்ட?"

"மதலேனாள்," என்றாள் யூலியானா. "அவவின்ரை பேர் மதலேனாள்."

முதல் அடி காதில் விழுந்தது. தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இடுப்பு வாரை உருவி, பித்தளைப் பூட்டு வெளியே நிற்கும்படி கையில் சுற்றி முதுகில் விளாசினான். அவள் குசினிக்குள் தவழ்ந்தாள். விட்டுத்துரத்தி வந்தவன், தட்டுப்பட்டுக் கவிழ்ந்த வாளித் தண்ணீரில் சறுக்கி முழந்தாளில் விழுந்தான். அவள் கைக்கு எட்டியது, மிளகு இடிக்கும் இரும்பு உரலின் உலக்கை.

எழுந்து நின்றாள். அவன் தலை அவளுக்குக் கீழே இருந்தது. உலக்கை உயர்ந்தது. விமலராஜ் இரண்டு கையாலும் தலையை மூடினான்.

"யூலி, வேண்டாம்! அந்தோனியாரே!"

இவன் செத்தால் என் முதுகை ஆரும் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. உலக்கையைத்தான் பார்ப்பார்கள். மூன்று துண்டும் படியில் விழுந்தாள் என்றே சொல்லும். 'கொலைகாறி' என்று இன்னொரு பேரை மையால் பூசுவார்கள்.

அவள் உலக்கையைக் கையில் பிடித்தபடியே பின்பக்கமாக நடந்து கதவைத் தாண்டினாள். படியில் இறங்கினாள், விழவில்லை. சந்தையில் கூனைப்பூக் காய்கறி விற்கிறவன் அவள் முகத்தைக் கண்டு, "மதோன்னா மீயா!" என்று மாதாவைக் கூப்பிட்டுக் கத்தி, உலக்கையை மெல்ல வாங்கி வைத்துவிட்டுத் தன் மூன்று சில்லு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் அதே தாதி இருந்தாள். "படியோ?" என்று கேட்டாள்.

"படி இல்லை. மனிசன் அடிச்சவர்." அரைகுறை இத்தாலியனில் திரும்பவும் சொன்னாள். "முந்தியும் படி இல்லை. நான் பொய் சொன்னனான். பழசையும் எழுதுங்கோ."

சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினாள். தாதி எழுத எழுத, அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேதி சொன்னாள். வயிற்றில் கை வைத்தபோது மட்டும் தேதி சொல்லாமல் இரண்டு விரலைக் காட்டினாள். தாதி அதையும் எழுதிவிட்டுப் பொலிசுக்குப் போன் எடுத்தாள்.

விமலராஜைப் பொலிஸ் அன்றே பிடித்தது; பிறகு வழக்கு முடிந்து இரண்டு வருடம் உள்ளே போனான். யூலியானா கால்சாவில் சிஞ்ஞோரா வீட்டிலேயே ஒரு அறையில் இருந்தாள்.

அந்த வருடமே, கார்த்திகை (நவம்பர்) இரண்டாம் தேதி, மரித்தோர் பூசைக்கு முன் ஒற்றைப் பேர் எழுதிய துண்டோடு சுவாமியிடம் போனாள். றோசமலர் அக்கா முந்திக்கொண்டாள்.

"சுவாமி, இது பாவப் பொறுத்தலுக்கு. கொலை செய்த ஆத்துமா."

"இல்லை, சுவாமி," என்றாள் யூலியானா. "அவ கனக்க அடிவாங்கிக் களைச்சுப்போன மனிசி. இளைப்பாற்றிக்கு எண்டு வாசியுங்கோ."