மேசையில் எழுந்த இமயமலை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மழை பெய்தால் மண்சரிவு, பெய்யாவிட்டால் பாம்பு என்று பயப்பட எனக்கு ஏதாவது ஒன்று இருக்கும். போன வருடம் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, "அம்மா, நம்ம நிக்கிற இந்தத் தீவு இந்தியாவோட சேர்ந்து வடக்கப் பாத்து நகருது. அங்க இன்னொரு நிலத்தகட்டுல மோதித்தான் இமயமலை வந்திச்சு. இன்னும் மோதிக்கிட்டே இருக்கு" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வேகமாவா போகுது?"

"நகம் வளர்ற வேகம்தாம்மா."

விரல்களைப் பார்த்தேன். முந்தின வாரம் வெட்டிய நகம், அதற்குள் வளர்ந்திருந்தது!

மறுநாள் ரப்பர் ஸ்டோருக்குப் போனேன். உறைந்த ரப்பர் பால் கட்டிகளை ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கும் வேலை. வழுக்கும் மலையில் மரம் மரமாய்ப் பால் வெட்டப் பயந்து, மூன்று மாதம் கெஞ்சி வாங்கியது. ரோலர் சுற்றும் அக்காவிடம் மகள் புத்தகத்தில் படித்துக் காட்டியதைச் சொன்னேன்.

"மோதினா என்ன புள்ள, பஸ்ஸும் பஸ்ஸும் மாதிரி நொறுங்கிருமா?"

"இல்லக்கா, பாருங்க."

இரண்டு கட்டிகளை ஈர மேசையில் போட்டு எதிரெதிரே தள்ளினேன். விளிம்புகள் மடிந்து மேலே எழுந்தன. அக்கா கைதட்டினாள்.

"கடலுக்கு அடியில உள்ள தகடு பாரம் கூடங்கக்கா. அது மத்ததுக்குக் கீழ பூந்துரும். அப்பறம் மேல எரிமலை!"

ஒன்றை மற்றதன் அடியில் செருகி அமுக்கினேன். தண்ணீர் பீய்ச்சி அக்காவின் மூக்கில் அடித்தது. இடுப்பு வலிக்கச் சிரித்தோம்.

பிரிக்கப் பார்த்தால் வரவில்லை. புதுக் கட்டிகள் ஒட்டினால் ஒட்டியதுதான். அந்தத் தடிப்பு புகை அறையில் காயவும் காயாது. சிரிப்பில் அதை மறந்தே போயிருந்தேன். அப்போது பார்த்து, ஸ்டோர் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்தார்.

"என்ன இது?"

"இமயமலைங்க ஐயா" என்றாள் அக்கா.

"யாரு செஞ்சது?"

"இந்தியாதாங்க" என்று என்னைக் காட்டினாள்.

"இந்தியா நாளைக்கு மலைக்குப் பால் வெட்டப் போகட்டும்."

மறுபடி அந்த வழுக்கு மலையா! ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. விக்கிக்கொண்டே நகம் முதல் எரிமலை வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் அந்த மடிப்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப நம்ம எங்க இருக்கோம்? மோதுற எடத்துலயா?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அது என் குரல்தான்.

"இல்லங்க ஐயா, இங்க." கட்டியின் மழமழப்பான பகுதியைத் தொட்டேன். "விளிம்பெல்லாம் ரொம்ப தூரம். புத்தகத்துல இருக்குங்க."

பெருமூச்சு விட்டார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "இங்கயே இரு. ஆனா ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரு சாண் எடம் விட்டு வைக்கணும்."

அவர் தலை மறைந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். இருவரும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம், எழுந்து நிற்க முடியாத சிரிப்பு.