தலையாட்டினால் கேட்குமா?

போன ஞாயிறு எங்கள் ஆட்கள் ஒரு அருமையான பாடகியை அழவைத்துவிட்டார்கள். திட்டி அல்ல... ரசித்து!

இங்கே இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் தமிழ்க் கோயிலில் மாதா திருநாள். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு, பாட்டு. பாட வந்தவர் எலேனா. ருமேனியாக்காரி. பிறவியிலேயே கண் தெரியாது.

ஊரில் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பார்வையற்றோர் பள்ளியில் பாட்டுப் படித்து, கல்யாண வீடுகளில் பாடி, சொந்தமாக கேசட்டும் போட்டவர். பிறகு கல்யாணங்களுக்கு டிஜே வந்துவிட்டான். எலேனாவை யார் கூப்பிடுவார்கள்? இங்கே லிபெர்த்தா தெருவில் ஒரு பணக்கார வீட்டில் வேலை செய்யும் தங்கையை நம்பி வந்தார். பல்லரோ சந்தை மூலையில், மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தார்.

தங்கை வேலை செய்யும் அதே வீட்டில் சமையல் செய்பவர் எங்கள் றெஜினா அக்கா. சந்தையில் எலேனாவின் பாட்டைக் கேட்டபின் சும்மா இருப்பாரா?

"என்ன குரலடா தம்பி! இந்த மனுசியை ஒருக்கா மேடையில ஏத்தவேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எலேனாவோ அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார் - "இதுதான் கடைசி. இவர்களுக்கும் பிடிக்காவிட்டால் பாட்டை விட்டுவிடுகிறேன். எங்காவது டெலிபோன் எடுக்கிற வேலை பார்த்துக்கொள்கிறேன்."

மேடையேறி, தன் மொழியில் ஒரு மாதா பாட்டுப் பாடினார். ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் மண்டபமே உருகிப்போனது. சோற்றுத் தட்டைக் கீழே வைத்தவர்கள்கூட உண்டு!

பாட்டு முடிந்தது. மாதா பாட்டுக்குக் கைதட்டுவார்களா எங்கள் ஆட்கள்? எல்லோரும் கண்ணை மூடித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

எலேனா காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. மைக்கை நீட்டிவிட்டு, "என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். கன்னத்தில் கண்ணீர்.

"ஐயோ, எல்லாரும் தலையாட்டுகினம்!" என்று பதறிய அக்கா, அதையே இத்தாலியனிலும் சொன்னார். காரியம் இன்னும் கெட்டது. "எங்கள் ஊரில் தலையாட்டினால் வேண்டாம் என்று அர்த்தம்" என்று விசும்பினார் எலேனா.

அக்கா யோசிக்கவில்லை. எலேனாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் தலையில் வைத்தார். வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டின் மெட்டையே முணுமுணுத்துத் தலையை ஆட்டினார். தாளம் தப்பாமல்!

எலேனாவின் விரல்கள் கொஞ்ச நேரம் அந்தத் தலையோடு சேர்ந்து ஆடின. பிறகு ஒரு சிரிப்பு... அப்பாடா! மைக்கைத் திரும்ப வாங்கினார். அதன்பிறகு அவரை மேடையிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நமக்குப் பிடித்ததை நம் வழக்கப்படியே காட்டிவிட்டு, எதிராளிக்குப் புரிந்திருக்கும் என்று இருந்துவிடுகிறோம். என்ன நினைப்போ!

நேற்று எலேனா போன் பண்ணினார். கிறிஸ்மஸுக்குப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். புதிய பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். முடித்துவிட்டு, சிறிது நேரம் பொறுத்துக் கேட்டார்:

"என்ன... தலையாட்டுகிறீர்களா?"

ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன்!