வெட்டப்பட்ட பக்கம்

வாலென்ட்டி கவ்ரோன் முப்பது வருடம் எங்கள் ஊர் இறைச்சிக் கூடத்தில் பன்றி வெட்டினார். முதுகு போனதும் தினமும் என் நூலக வாசிப்பறைக்கு வர ஆரம்பித்தார். பையை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவர் பையில் ரொட்டிக்குப் பக்கத்தில் கத்தி இருந்தது. எதற்கென்று கேட்டேன்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சப்புறம் வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வர முடியுமா, தெக்லாம்மா?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1943இல், காட்டோரக் களஞ்சியத்தில் ஒளிந்திருந்த முப்பத்தெட்டுப் பேரை ஜெர்மன் பட்டாளம் கதவைப் பூட்டி உயிரோடு எரித்தது. அதில் அவருடைய அம்மாவும் இரண்டு அக்காள்களும் இருந்தார்கள். அத்தை வீட்டில் இருந்ததால் ஆறு வயது வாலென்ட்டி பிழைத்தார். களஞ்சியத்தைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்பதுதான் அவர் தேடல்.

இரண்டு வருடம் தேடினார். ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பு, அந்தப் பட்டாள அதிகாரியின் விசாரணை 1946இல் மாகாணச் செய்தித்தாளில் வந்ததாகச் சொன்னது. அந்த வருடத்துச் செய்தித்தாள்களைச் சேர்த்துத் தைத்த கட்டை எடுத்துக் கொடுத்தேன். சரியாக அந்தப் பக்கம் பிளேடால் வெட்டப்பட்டிருந்தது. அவர் மேஜையைக் குத்தியதில் மைக்கூடு உடைந்தது.

கட்டின் கடைசியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எடுப்பவர் பெயர், தேதி, காரணம் எழுத வேண்டும். அதில் இருந்தது ஒரே வரி: இக்னாசி கவ்ரோன், 1961, சொந்தத் தேவை. எங்கள் ஜனங்கள் பக்கத்தைத் திருடுவார்கள், ஆனால் கையெழுத்துப் போடாமல் போகமாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இக்னாசி அவருடைய அப்பா. மாவு ஆலைக் கல்லில் சிக்கியதாகச் சொல்லிக்கொண்ட நான்கு கோணல் விரல்களில் பெல்ட்டைப் பிடித்து, பிள்ளையை விளாசியே வளர்த்தவர். செத்து இருபது வருடமாகிறது. வாலென்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாவும் அவனைத் தேடியிருக்காரும்மா."

மாகாண நகர நூலகத்துக்கு எழுதி அவர்களுடைய பிரதியை வரவழைத்தேன். நான்தான் முதலில் படித்தேன். பட்டாளத்தின் மொழிபெயர்ப்பாளன் சாட்சி சொல்லியிருந்தான். ஆலைக்காரன் இக்னாசி கவ்ரோனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்களாம். நான்காவது விரலில் களஞ்சியத்தைக் காட்டினானாம். அது எரியும்போது மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினானாம்.

பிரதி வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இரண்டு வருடம் என் கண்ணெதிரே தேடிய மனிதரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் முன்னால் எடுத்து வைத்தேன்.

படித்து முடித்ததும் மேஜையில் முகத்தை மூன்று முறை மோதினார். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. நான் முதலில் இழுத்தது செய்தித்தாளை, பிறகுதான் அவரை. அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அங்கிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பாவின் கல்லைச் சம்மட்டியால் பிளந்தார். தடுத்த காவலாளிக்கு இரண்டு பல் போயிற்று.

மறுநாள் காலை கட்டுப்போட்ட மூக்கோடு என் முன்னால் வந்து நின்றார். நம் ஊர் நூலகத்துச் செய்தித்தாள் கட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை, கொடும்மா என்றார். கொடுத்தேன். அப்பாவின் வரிக்குக் கீழே பெயரையும் தேதியையும் எழுதினார். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு மேலே இருந்ததையே பார்த்து எழுதினார்: சொந்தத் தேவை.

"மூணு விரல் வரைக்கும் தாங்கியிருக்காரும்மா," என்றார்.