கிள்ளானுக்குக் கொண்டுபோன பூ

இன்று விடிகாலையில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் வேலியோரத்து மார்னிங் குளோரிக் கொடி முதல் பூ விட்டது. அப்படியொரு நீலம்.

விதையை ஊறவைத்து நட்டவள் என் மனைவி. அது முளைத்த வாரமே எலும்புருக்கி என்று அவளைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். மாலையில்தான் உள்ளே விட்டார்கள். துணியைப் பிரித்தால், பூ சுருண்டு கிடந்தது.

அவள் சிரித்தாள். "மத்தியானம் வரைக்கும்தாங்க அதுக்கு உசுரு. நான் வீட்டுக்கு வந்து பாத்துக்கறேன்."

இனி அவள் வீடு திரும்பமாட்டாள் என்று சற்றுமுன்தான் வாசலில் டாக்டர் சொல்லியிருந்தார்.

"சரிம்மா, வந்து பாரு" என்றேன்.

நாளைக்கும் மொட்டு இருக்கிறது. காலையிலேயே உள்ளே விடுகிற ஆஸ்பத்திரி எங்காவது இருந்தால் சொல்லுங்களேன்.