ஆடு மேய்ந்த ரோஜா

பிள்ளை பொய் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால், தாய் அதைக் கேட்டுவிட வேண்டுமா, கேட்காமல் விட்டுவிட வேண்டுமா? இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் எனக்குத் தெரியவில்லை. சிவப்பு ரோஜாச் செடி திடீரென்று வேறு நிறத்தில் பூப்பது ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்லிவிடுவேன்.

எனக்கு அப்போது பத்து வயது, தங்கைக்கு எட்டு. அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளுக்கு, கன்னிவாடியில் நர்சரி வைத்திருந்த மாமா திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு ஒரு ரோஜாச் செடி கொண்டுவந்தார். ரத்தச் சிவப்பு. ஒரு பூ என் உள்ளங்கை அளவு இருக்கும். என் புதுநன்மைக்கு அவர் கொடுத்தது ஒரு குடை. குடை பூக்காது.

ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது அம்மா அந்தப் பூவைத் தங்கையின் தலையில் வைப்பார். கோயில் வாசலில் அவளை நிறுத்தி, "யாத்தே, எம்புட்டுப் பெரிய பூவு!" என்பார்கள். நான் பக்கத்தில் குடையோடு நிற்பேன். எனக்கும் ஒரு பூ கேட்டேன். "எஞ் செடி. எங்கிட்டத்தான் கேக்கணும்" என்றாள் தங்கை. கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கும் கத்தியால் செடியை அறுத்தேன். விரல் நீளக் கட்டைதான் மிச்சம். ஆடு கடித்துவிட்டது என்றேன். அம்மா பக்கத்து வீட்டு ஆட்டுக்காரம்மாவிடம் சண்டைக்குப் போனார். தங்கை சாப்பிடாமல் அழுதாள். கோயிலில் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் "பொய் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன பொய் என்று சாமியார் கேட்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

சில மாதங்களில் அந்தக் கட்டை தளிர்த்தது. கொத்துக் கொத்தாக, சின்னச் சின்னதாக, வெளிர் ரோஸ் நிறத்தில் பூத்தது. மாதா செய்த புதுமை, பெரிய அற்புதம் என்று தங்கை தெருவெல்லாம் சொன்னாள். பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் மெழுகுவர்த்தியோடு வந்தார். அறுத்தது நான், புதுமை அவளுக்கு. முன்பு பட்டதைவிடப் பெரிய பொறாமை அது. யாரிடமும் சொல்லி அழவும் வழியில்லை.

அடுத்த முறை வந்த மாமா செடியடியில் குந்தி மண்ணை விலக்கிப் பார்த்தார்.

"புதுமையுமில்ல, ஒண்ணுமில்ல. இது ஒட்டுச் செடி. காட்டு ரோஜா வேர்ல செவப்பு ரோஜாவ ஒட்டுனது. மேல உள்ளது போயிருச்சு, அடியில கெடந்தது தளுத்துருச்சு." வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினார். "ஏக்கா, ஒங்க தெரு ஆடு கத்தி வச்சிருக்குமோ?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "காப்பி ஆறுது, வாடா" என்றார்.

மறுநாள் ஒரு தூக்கு நிறையப் பணியாரத்தோடு ஆட்டுக்காரம்மா வீட்டுக்குப் போனார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு ஒரு கொத்து, எனக்கு ஒரு கொத்து வைத்துவிட்டார். யாருக்கும் தெரியவில்லை, தப்பித்தோம் என்று குடையைச் சுழற்றிக்கொண்டே நடந்தேன். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடத் தங்கையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் என் ஐந்து மாதக் குழந்தை வீறிட்டு அழுதது. ஓடிப்போய்ப் பார்த்தால் தொடையில் சிவந்த தடம். பக்கத்தில் இருந்த ஆறு வயது மகள், நான் கேட்காமலே, "கொசும்மா" என்றாள். கொசு கடித்தால் இரண்டு நகத்தடம் விழாது. நான் கொசுவர்த்தி ஏற்றி வைத்தேன்.

செய்தது சரிதானா? தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடவா? சொன்னால் தம்பியை இன்னும் வெறுப்பாளோ? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் யாராவது எழுதுங்கள்.